கடலைக் கணக்கிட்ட பட்டதாரி: ஹென்றி ஸ்டாமெல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஓர் ஆராய்ச்சியாளரின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது? எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று எண்ணிச் சொல்வது இன்றைய வழக்கம். இந்த அளவுகோலோடு வருவோரைத் தடுமாற வைக்கும் அறிஞர் ஒருவர் உண்டு. அவரே கடலியல் மேதை ஹென்றி ஸ்டாமெல்.

அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் நகரில் 1920ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தாயின் பராமரிப்பில் வளர்ந்தார். 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை அறிவியல் பட்டம் பெற்றார். மேற்படிப்பைத் தொடங்கி இடையில் விட்டார். டாக்டர் பட்டத்திற்கு அவர் படிக்கவேயில்லை. பின்னாளில் கௌரவப் பட்டங்கள் தேடி வந்தன என்பது வேறு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வெறும் பி.எஸ்ஸி. படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்கும் உறவினர்க்குச் சொல்ல இப்போது எனக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. (எல்லோரும் ஸ்டாமெல் ஆகிவிட முடியாது என்பதும் தெரியும்.)

1944இல் அவர் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவரைப் பற்றிக்கொண்டது ஒரு பழைய புதிர். அட்லாண்டிக் கடலின் மேற்கு ஓரத்தில் வளைகுடா நீரோட்டம் குறுகலாகவும் வெகு வேகமாகவும் ஓடுகிறது. பசிபிக் கடலிலும் அப்படியே. மேற்கு ஓரத்தில்தான் குரோஷியோ. கிழக்கு ஓரங்களிலோ நீர் அகலமாய்ப் பரவி மெல்ல நகர்கிறது. காற்று இருபுறமும் ஒன்றுபோல் வீசும்போது இந்த ஓரவஞ்சனை ஏன்?

ஸ்டாமெல் கடலை ஒரு செவ்வகத் தொட்டியாக எளிமைப்படுத்திக்கொண்டார். பூமி சுழலாவிட்டால் என்ன ஆகும் என்று முதலில் கணக்கிட்டார். நீர்ச்சுழல் இருபுறமும் சமமாகவே வந்தது. சுழற்சியின் விளைவு எங்கும் ஒரே அளவாக இருந்தால்? அப்போதும் சமமே. அந்த விளைவு நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே செல்லச்செல்லக் கூடுகிறது என்ற உண்மையை மூன்றாவதாகச் சேர்த்தார். உடனே நீரோட்டம் மேற்குக் கரையில் நெருங்கிக் குவிந்தது! 1948இல் வெளிவந்த அந்தக் கட்டுரை ஐந்தே பக்கம். இன்றும் கடலியல் பாடநூல்களில் அதற்கு இடம் உண்டு.

ஆழ்கடலைப் பற்றியும் அவர் துணிந்து சொன்னார்: துருவப் பகுதிகளில் குளிர்ந்து மூழ்கும் நீர், வளைகுடா நீரோட்டத்திற்கு அடியில் எதிர்த்திசையில் தெற்கே ஓட வேண்டும். 1957இல் ஸ்வாலோ, வொர்த்திங்டன் ஆகிய இருவரும் ஆழத்தில் மிதக்கும் கருவிகளைக் கடலில் இறக்கி, அப்படி ஓடுவதைக் கண்டனர்.

அளவுகோல் தடுமாறும் இடம் இனித்தான் வருகிறது. 1961இல் அவர் ஏழு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இரண்டு பாத்திரங்கள், ஒன்றில் வெப்பமான உப்பு நீர், மற்றதில் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர். இரண்டையும் குழாய்களால் இணைத்தால், வெப்பவேற்றுமை நீரை ஒருபுறம் செலுத்தும். உப்புவேற்றுமை மறுபுறம் செலுத்தும். வெளிச்சூழல் மாறாமலே இரண்டு வகை ஓட்டங்கள் நிலைக்கக்கூடும் என்று கணக்கால் காட்டினார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடல் தாவினால் தட்பவெப்பமே மாறிவிடாதா? ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இதனைக் கவனித்தோர் மிகச் சிலர். 1970இல் யாரேனும் மேற்கோள்களை எண்ணியிருந்தால் பயனற்ற கட்டுரை என்று ஒதுக்கியிருப்பர். 1980களில் கணிப்பொறி மாதிரிகளிலும் அதே தாவல் தோன்றிய பிறகே அறிஞர்கள் பழைய இதழைத் தேடிப் புரட்டினர். அட்லாண்டிக் ஓட்டம் நின்றுவிடுமோ என்று இன்று ஆராய்வோர் பெரும்பாலும் அந்த ஏழு பக்கங்களிலிருந்தே தொடங்குகின்றனர். கட்டுரை மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது.

ஹார்வர்டில் சில காலமும், 1963 முதல் 1978 வரை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் பேராசிரியராக இருந்துவிட்டு உட்ஸ் ஹோலுக்கே திரும்பினார். 1983இல் கிராஃபூர்ட் பரிசும் 1989இல் அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கமும் பெற்றார். 1992 ஜனவரியில் காலமானார்.

அவர் தொடங்கிவைத்த ஒரு பணி இன்னும் நடைபெறுகிறது. பெர்முடாத் தீவுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், கடலின் வெப்பத்தையும் உப்பையும் பல ஆழங்களில் இரு வாரங்களுக்கு ஒருமுறை அளக்க 1954இல் ஏற்பாடு செய்தார். ஒரு சிறிய படகில் ஆரம்பமான அந்த அளவீட்டுக்கு இன்றும் கப்பல் சென்று வருகிறது.