டி. என். இராஜரத்தினம் பிள்ளை

திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (ஆகஸ்ட் 27, 1898 – டிசம்பர் 12, 1956) புகழ்பெற்ற நாதசுவரக் கலைஞர் ஆவார். இராகத்தை மேடையிலேயே கற்பனை செய்து விரிக்கும் மனோதர்மத் திறனுக்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

திருமருகலில் பிறந்தார். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். இளமையில் தந்தையை இழந்த இவரை மாமன் நடேச பிள்ளை வளர்த்தார். வயலின் வித்துவான் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டும், அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாதசுவரமும் பயின்றார். கவி காளமேகம் (1940) திரைப்படத்தில் நடித்தார். 1947 ஆகஸ்டில் தில்லியில் நடந்த விடுதலை விழாவில் வாசித்தார்.

இசை

மனோதர்மத்தில் கலைஞர் இராக இலக்கணம் பிறழாமல் ஒவ்வொரு பிடியையும் அந்த நேரத்திலேயே தேர்ந்தெடுக்கிறார். நீண்ட பயிற்சியால் மூச்சும் விரலும் தாமே இயங்கும்போதுதான் மனம் முழுவதும் கற்பனையில் ஈடுபட முடியும். வாய்ப்பாட்டுப் பயிற்சி இவரது வாசிப்புக்குப் பாடுவது போன்ற குழைவைத் தந்தது. இவரது தோடி இராக ஆலாபனை தனிப்புகழ் பெற்றது.

பாரி நாதசுவரம்

உயர்ந்த சுருதியுடைய திமிரி நாதசுவரத்தில், தோடிக்கு இன்றியமையாத சுத்த மத்திமத்தைத் துல்லியமாக எழுப்புவது கடினம். கற்பனைக்குக் கருவியே தடையாயிற்று. இவரது தூண்டுதலால் நரசிங்கம்பேட்டை ரங்கநாதம் ஆசாரி, அக்குறை நீங்கிய நீளமான பாரி நாதசுவரத்தை உருவாக்கினார். இக்கருவியே இன்று பெரிதும் வழங்குகிறது.