பாடமாகிய ஆட்டம்

சென்ற விடுமுறையிற் கல்முனையிலுள்ள என் இல்லத்துக்கு மாணவனொருவன் வந்தான். சதுரங்கத்தில் மேம்பட வேண்டுமாயின் பெருவீரர் ஆடிய ஆட்டங்களுள் எவற்றை மனனஞ் செய்தல் வேண்டும் என்பது அவன் வினா. நாற்பது ஆட்டங்களை முன்னரே நெட்டுருச் செய்திருந்தான். ஆயினும் போட்டிகளில் தோல்வியே கண்டான். ஓராட்டத்தை வைத்துக் காட்டச் சொன்னேன். இருபது நகர்வுகளைத் தடையின்றி வைத்தான். ஒன்பதாம் நகர்வுக்குக் காரணம் கேட்டேன், தலை குனிந்தான். நிகண்டுச் சூத்திரங்களைப் பொருளறியாது ஒப்புவித்த என் இளமை நினைவுக்கு வந்தது. சதுரங்கத்தில் எனக்குள்ள அறிவு சிறிது. எனினும் அவனுக்கு விடையாக மீர் சுல்தான் கானின் வரலாற்றைச் சொன்னேன். அதனையே ஈண்டுத் தருகின்றேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பஞ்சாப்பின் மித்தா திவானா என்னும் ஊரிற் பிறந்த அவர், தந்தையாரிடம் இந்திய முறைச் சதுரங்கம் பயின்றார். அம்முறையிற் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும்; ஐரோப்பிய முறையில் இரு கட்டம் செல்லலாம். ஆதலின் ஆட்டத் தொடக்கம் இரண்டிலும் பெரிதும் வேறுபடும். சேர் உமர் ஹயாத் கான் என்னும் செல்வர் அவரை ஆதரித்து, ஐரோப்பிய விதிகளைப் பழகச் செய்தார். 1928இல் அகில இந்தியப் போட்டியில் வென்றவர், 1929இல் அப்புரவலருடன் இலண்டன் சேர்ந்து, அவ்வாண்டே பிரித்தானிய வாகை சூடினார். 1932இலும் 1933இலும் அதனை மீண்டும் வென்றார்.

ஐரோப்பிய வீரர் இளமை முதலே முன்னோர் ஆட்டங்களைக் கற்றுத் தொடக்க நகர்வுகளிற் பழுத்திருந்தனர். சுல்தான் கானுக்கு அப்பயிற்சி குறைவு. அதனால் ஆட்டத்தின் முற்பகுதியில் இடருறுவார். நடுவிலும் இறுதியிலும் பொறுமையால் மீள்வார்.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வாகையர் கப்பபிளங்காவை அவர் எதிர்கொண்டார். கப்பபிளங்காவின் கோட்டைகள் இரண்டும் திறந்த நிரல்வழி உட்புகுந்து அரசனைத் தாக்கின. சுல்தான் கான் 23ஆம் நகர்வில் தம் இராணியைக் கொடுக்கத் துணிந்து, அவ்விரு கோட்டைகளையும் கொண்டார். அடைபட்ட களத்திற் பகைவரின் இராணி தனித்து அலைந்தது. இவருடைய கோட்டைகளோ ஒன்றுக்கொன்று துணையாக நின்றன. அவசரமின்றி நெருக்கி, 65ஆம் நகர்வில் வென்றார்.

இங்கிலாந்தின் குளிரும் மலேரியாவும் அவரை வாட்டின. 1933இன் இறுதியில் தாயகம் மீண்டார்; சில ஆண்டுகளிற் போட்டிகளை விட்டு நிலத்தைப் பேணி வாழ்ந்தார்; 1966இல் மறைந்தார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024இலேதான்.

தம் மக்களுக்கு இவ்வாட்டத்தை அவர் பயிற்றவில்லை; பயன்மிக்க வேறு துறையை நாடுமாறு அறிவுறுத்தினார். ஆசிரியத் தொழில் புரிவோன் ஒருவனுக்கு இச்செய்தி நெஞ்சை உறுத்துவது. ஆயினும் அவர் பயிற்றாது விட்டதனை அவ்வாட்டக் குறிப்பு இன்று பயிற்றுகின்றது.

ஜப்பானியரின் கோ ஆட்டத்திலும் இத்தகைய மரபுண்டு. ஹொனின்போ ஷூசாகு 1862இல் மறைந்தவர். அவர் ஆட்டங்களைப் பயில்வோர் இன்றும் பலகையில் ஒவ்வொரு கல்லாக வைத்துக் கற்கின்றனர். கல்லின் இடத்தை மட்டும் நினைவிற் கொண்டால் அது வெறும் நெட்டுரு. அடுத்த கல்லை மறைத்துவைத்துத் தானே எண்ணிப் பார்த்தால் அது கல்வி.

ஆதலின் மாணவனுக்கு நான் கூறியது இதுவே: நாற்பதை விடுக, ஒன்றைக் கொள்க. வியப்பூட்டும் ஆட்டத்தினும் காரணஞ் சொல்லத்தக்க ஆட்டமே மனனத்துக்கு உரியது. தன் குறை எப்பகுதியிலோ அப்பகுதியில் வல்லவரைத் தேர்க. சுல்தான் கானிடம் தொடக்கத்தைக் கற்க முயல்வது வீண். பொறுமையைக் கற்க அவரே தக்கவர்.

மறுவாரம் வந்தவன் அவ்வாட்டத்தை 23ஆம் நகர்வுவரை வைத்து, இராணியைக் கொடுத்த காரணத்தையும் கூறினான். 28ஆம் நகர்வில் அவனுக்கு ஐயம் எழுந்தது, எனக்கும் விளங்கவில்லை. இருவரும் இப்போது அங்கேதான் நிற்கின்றோம்.