தோட்டக்காரர் பெரொத்தே

புதுவையிலுள்ள தாவரவியற் பூங்காவில் உலவி மகிழ்வார் பலர்; அதற்கெனத் தம் வாழ்நாளின் பிற்பகுதியை ஈந்த ஜார்ஜ் சாமுவேல் பெரொத்தே என்பாரை நினைவார் சிலரே. அவர் சரித்திரத்தை நாம் ஈண்டுச் சுருங்க வரைவாம்.

இவர் 1793-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து தேசத்திற் பிறந்தார். பாரிஸ் மாநகரத்து அரசாங்கத் தோட்டத்தில் தோட்டக்காரராய் அமர்ந்தார். 1819-இல் பிலிபேர் என்னும் கப்பற்றலைவரோடு கடல் கடந்து, ஜாவா, பிலிப்பைன் முதலிய தீவுகளிற் செடிகளைத் திரட்டினார். உப்புக்காற்று ஒருபுறம், நன்னீர்க் குறைவு ஒருபுறமாக, கப்பலேறிய செடிகள் கரை சேர்வது அந்நாளில் அரிது. அவ்வாறிருந்தும், பிலிப்பைன் தீவினின்று இவர் கொணர்ந்த முசுக்கட்டைச் செடி 1821-இல் பிரான்சு தேசஞ் சேர்ந்தது. கிளையை வெட்டி நட்டாலே வேரூன்றும் அதனைப் பட்டுப்புழு வளர்ப்போர் பெரிதும் விரும்பினர்.

பின்னர் 1824 முதல் 1829 வரை ஆப்பிரிக்காவிலுள்ள செனகால் நாட்டில் ஆராய்ந்தார். புதுவையில் நீலந்தோய்த்த துணிகள் விலைபோன நாடு அது. 1834-இல் புதுவைக்கு வந்து, நீலகிரியின் தாவரங்களையும் தொகுத்தார். 1839-இல் ஐரோப்பாவுக்கு மீண்டு, அவுரிச்செடியினின்று நீலமெடுக்கும் முறையைக் குறித்து 1842-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1843-இல் மறுபடியும் புதுவையை அடைந்தவர் பின் இறுதிவரை இங்கேயே உழைத்தார்.

1826-இல் ஏற்பட்ட அத்தோட்டத்தின் வேலை எளிதன்று. வில்லியனூர், பாகூர்க் குடியானவர்கள் இதனை நன்கறிவர். ஆடியில் விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, வேரழுகாமல் நீரை வடித்தல், சித்திரை வைகாசியில் கடுங்கோடை, நிழற்பந்தரிட்டு நாள்தோறும் நீர் வார்த்தல். நம் கத்தரியும் மல்லிகையும் இப்பருவங்களுக்குப் பழகியவை. வேற்றுநாட்டுச் செடியோ இவற்றை அறியாது. ஒரு கோடையில் அயர்ந்தாலும் பல்லாண்டு முயற்சி பாழாம். அத்தகைய தோட்டத்திலிருந்த தாவரங்களின் அட்டவணையை இவர் 1867-இல் அச்சிட்டார். அப்பொழுது இவருக்கு வயது எழுபத்துநான்கு.

1870-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் பெரொத்தே புதுவையிலேயே உயிர்நீத்தார். தாவர நூலார் ஒரு செடியினத்துக்குப் பெரொத்தேசியா என்று இவர் பெயரை இட்டனர்.

மண்வெட்டியோடு தொடங்கிய இவர், புகழ் வந்தபின்னும் மண்ணைத் துறந்திலர். நட்டதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு பருவத்திலும் மீளவும் பேணுபவனே தோட்டக்காரன். கல்வியும் அத்தகையதே என்பதை நம் மாணவர் உளங்கொள்வாராக.