கூந்தலும் கத்தியும்

தென்காசியில் கூட்டம் முடிந்து மேடையைவிட்டு இறங்கிய நம்மை ஒரு தோழர் ஓரமாக அழைத்தார். கறுப்பு சிவப்புக் கரை வேட்டி. கொடிக்கம்பம் நட்டு நட்டுக் காய்த்துப் போன கரம். சுவரெழுத்தால் ஊரே அறிந்த உழைப்பாளி. வீட்டிலே ஒரு சங்கடம், வந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றார். கடன் தொல்லையோ, வழக்குத் தொல்லையோ என்று எண்ணிப் போனோம். போன இடத்தில் கண்டது வேறு. தோழரின் தாயார், வயது ஐம்பத்தெட்டு, பீடி சுற்றும் தொழிலாளி. தம் கூந்தலைப் பிடரி அளவுக்கு வெட்டிக்கொண்டுவிட்டார்!

காலை முதல் மாலை வரை பீடித் தட்டை மடியில் வைத்துக் குனிந்திருப்பவர். கழுத்து வலி. தலைக்குக் குளித்தால் ஈரக் கொண்டை காய்வதற்குள் அடுத்த வேலை வந்து நிற்கிறது. வெட்டினார். தெரு சும்மா இருக்குமா? பேரன் பேத்தி எடுத்தவளுக்கு இந்த வயதில் என்ன பேஷன் என்று கேட்கிறது. தோழருக்குத் தலைகுனிவாம். அம்மாவை மறுபடி முடி வளர்க்கச் சொல்லுங்கள் என்பது நமக்கு இட்ட பணி!

அந்த அம்மாள் நமக்குக் காப்பி கொடுத்தார். அவருக்கு அறிவுரை சொல்ல நமக்கு நா எழவில்லை. மகனைத்தான் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போய், மயிலாப்பூரிலே பிறந்த ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொன்னோம். அதையே இங்கும் சொல்கிறோம்.

சகோதரி சுப்புலட்சுமி என்று சென்னை அவரை அழைத்தது. இசைமேடையில் புகழ்பெற்ற அம்மையார் அல்லர், இவர் வேறு. 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் பிறந்தவர். தந்தை சுப்பிரமணிய ஐயர், அரசுப் பணியாளர். அக்கிரகாரத்துப் பெண்ணின் கதை நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். பொறுத்துக் கேளுங்கள். சனாதனம் தன் கத்தியை முதலில் தீட்டிப் பார்த்தது தன் வீட்டுப் பெண்ணின் தலையிலேதான்.

1898இல் மணம் செய்து வைத்தார்கள். பதினோரு, பன்னிரண்டு வயது! பல்லாங்குழி ஆடும் பருவம். கொஞ்ச நாளில் கணவன் இறந்தான். அவள் விதவை.

விதவை என்றால் என்ன பொருள், அந்நாளில், அந்தக் குலத்தில்? பூ இல்லை, பொட்டு இல்லை, மங்கல நிகழ்ச்சியில் இடம் இல்லை. இவை முதல் தவணை. சிறுமியாயிருந்தால் தலையை மட்டும் பருவம் எய்தும் வரை விட்டுவைப்பார்கள். பெண்ணானாள் என்ற செய்திக்குப் பின்னாலேயே நாவிதர் வருவார். கொல்லைப்புறத்தில் உட்கார வைப்பார்கள். முடி விழும். பிறகு முளைக்க முளைக்கச் சிரைப்பார்கள், சாகும் வரை. முக்காடிட்ட தலையோடு அடுக்களை இருட்டில் ஐம்பது, அறுபது ஆண்டுகள்! மற்றப் பெண்களுக்கு வயது ஏற ஏற முடி நரைக்கும். இவளுக்கு நரைப்பதற்குக்கூட முடி இல்லை.

நம் நெல்லைச் சீமைப் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா 1903இல் முத்துமீனாட்சி என்ற கதையை வெளியிட்டது இந்தக் கொடுமையை எண்ணித்தான். பம்பாயிலோ, எழுத்தாளர் அல்ல, தொழிலாளர் எழுந்தனர். 1890இல் முடிதிருத்தும் தொழிலாளர் கூடி, இனி விதவைகளின் தலையில் கத்தி வைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அவர்களைத் திரட்டியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிபா பூலேயின் தோழர். அதே ஆண்டில் பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறையைப் பெற்றுத் தந்தவர். கத்தியைப் பிடித்த கை மறுத்தது! வேதம் ஓதிய வாய் மறுக்கவில்லை.

சுப்புலட்சுமியின் தலையிலே கத்தி படவில்லை. பெற்றோர் மறுத்தார்கள். இன்று படிக்கும்போது இது சிறிய செய்தி. அன்று சொந்தக்காரர் முகத்தில் விழிக்க முடியாத செய்தி. விதவை மகள் முடியோடு இருக்கிறாள் என்றால் அந்த வீட்டைச் சாதிக் கட்டு சும்மா விடாது. அந்தத் தந்தை விட்டுக் கொடுக்கவில்லை. மகளுக்கு வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். பிறகு எழும்பூர் கான்வென்ட். பிறகு மாநிலக் கல்லூரி. ஆண்கள் நிறைந்த வகுப்பிலே, கழிந்த மஞ்சளும் கழியாத கூந்தலுமாக ஓர் இளம் விதவை! 1911இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைக் குறிக்கிறார்கள்.

படித்தவர் தம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. 1912இல் சாரதா மகளிர் சங்கம் கண்டார். எழும்பூரில் தம் தந்தையின் வீட்டிலேயே விரல்விட்டு எண்ணத்தக்க சில இளம் விதவைகளை வைத்துப் படிக்கச் செய்தார். உடனிருந்து உழைத்தவர் அவர் சித்தி வாலாம்பாள். அவரும் சிறு வயதில் விதவையானவர். எண்ணிக்கை பெருகியது. வீடு போதவில்லை. அரசு கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தைத் தந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் பாதுகாக்க வெள்ளைக்காரன் கட்டிய கூடம், உறைந்து கிடந்த பெண்கள் உருகி வெளிவரும் இல்லமாயிற்று. முக்காட்டோடு வந்தவர்கள் ஆசிரியைகளாக வெளியேறினார்கள். 1922இல் லேடி வெல்லிங்டன் பயிற்சிக் கல்லூரி பிறந்தது. அதற்கும் தலைமை அவரே. 1927இல் சாரதா வித்தியாலயம். குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் 1930இல் நடைமுறைக்கு வந்தபோது, அதற்காகப் பேசியவர்களில் அவரும் ஒருவர். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் அமர்ந்தார். 1958இல் பத்மஸ்ரீ விருது.

குறை இல்லையா? உண்டு, மறைக்க மாட்டோம். அந்த இல்லம் பார்ப்பன விதவைகளுக்கு மட்டுமே கதவு திறந்தது. மறுமணத்துக்காக அவர் மேடையேறி முழங்கவும் இல்லை. முழங்கினால் பெற்றோர் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள் என்ற அச்சம். ஈரோட்டிலே ஒருவர் 1909லேயே தம் தங்கையின் மகளுக்கு, அவளும் குழந்தை விதவை, குடும்பமே எதிர்த்தும் மறுமணம் செய்து வைத்தார். அவர்தான் பின்னாளில், ஆணைப் போலவே பெண்ணும் முடியைக் கத்தரித்துக்கொள்ளட்டும் என்று சொன்ன பெரியார். அம்மையார் மெல்ல நடந்தார், அய்யா தாவினார். இரண்டையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை.

இங்கேதான் தோழர் குறுக்கிட்டார். ஒருத்திக்கு முடியை வைத்துக்கொள்ளப் போராட்டம், இன்னொருவர் வெட்டச் சொல்கிறார், எது நம் கொள்கை என்றார். நல்ல கேள்வி. நாம் திருப்பிக் கேட்டோம். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் கொண்டையைப் பாடினார். அந்த வசந்தவல்லிக்கு அறுபது வயதாகியிருந்தால் பாடியிருப்பாரா? சிறுமிக்கு இரட்டைச் சடை, மணப்பெண்ணுக்குத் தாழம்பூச் சடை, தாய்க்குக் கொண்டை, பாட்டிக்குப் பாக்களவு முடிச்சு. அளவெடுத்தவன் யார்? இதே தெருவிலிருந்து ஓர் அம்மாள் திருச்செந்தூர் போய் முழுத் தலையையும் மழித்துக்கொண்டு வந்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கழுத்து வலிக்காகப் பாதி முடியை வெட்டினால் மானம் போய்விடுகிறதா? ஐயர் வீட்டில் மகளின் முடியைக் காக்கத் தந்தை ஊரை எதிர்த்தார். உங்கள் வீட்டில் தாய் வெட்டிய முடிக்காக மகன் ஊரோடு சேர்ந்து நிற்கிறார். அதுவும் கறுப்பு சிவப்பு வேட்டி கட்டிக்கொண்டு!

தோழர் பதில் சொல்லவில்லை. தேநீர்க் காசை அவரே கொடுத்தார்.

1969 டிசம்பர் 20ஆம் நாள் சகோதரி சுப்புலட்சுமி மறைந்தார். வயது எண்பத்து மூன்று. படங்களில் பாருங்கள்: வெள்ளைப் புடைவை, பின்னுக்கு வாரிய முடி, முக்காடு கிடையாது.

சாரல் காலத்தில் அந்தத் தோழர் தாயாரைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போயிருந்தார் என்று பிறகு அறிந்தோம். ஐந்தருவியில் ஆசைதீரக் குளித்தாராம். பஸ் மேலகரம் தாண்டுவதற்குள் தலை காய்ந்துவிட்டதாம்.