மைக்கேல் பாரடேயும் உள்ளங்கை வியர்வைக்கான மின்னோட்டச் சிகிச்சையும்

தொட்டியம் வட்டாரத்து வாழைத் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் மின்மோட்டாரை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அதன் அடிப்படைத் தத்துவத்தை முதலில் செய்து காட்டிய அறிஞரின் ஆய்வே, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அளவுக்கு மீறி வியர்ப்போருக்கான ஒரு சிகிச்சைக்கும் வேராக அமைந்தது. அவர் மைக்கேல் பாரடே.

1791 செப்டம்பர் 22 அன்று, இலண்டனை அடுத்த நியூவிங்டனில் ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பாரடே பிறந்தார். பள்ளிக் கல்வி சிறிதளவே வாய்த்தது. 14 வயதில் புத்தகம் கட்டும் தொழில் பயிலச் சேர்ந்த அவர், கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே மின்னியலில் நாட்டம் கொண்டார். 1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றை நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார்.

1821இல் மின்னோட்டத்தால் இடைவிடாது சுழலும் கருவியை அமைத்தார். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். கரைசல்களில் மின்சாரம் பாயும்போது மின்வாய்களை நோக்கி நகரும் பொருள்களுக்கு 1834இல் ‘அயனி’ எனும் பெயரை வழங்கினார். பட்டங்களை விரும்பாத அவர் 1867 ஆகஸ்டு 25 அன்று மறைந்தார்.

பாரடே மருத்துவர் அல்லர். எனினும், ‘அயன்டோபோரெசிஸ்’ எனப்படும் இச்சிகிச்சையின் பெயரிலேயே அவர் தந்த சொல் நிலைத்துள்ளது. நேர்மின்னோட்டத்தால் கை, கால் வியர்வை குறைவதைப் பௌமன், லென்ட்சர் ஆகியோர் 1952இல் வெளியிட்டனர். அதற்கான எளிய கருவியொன்றை லெவிட் 1968இல் விவரித்தார்.

கைகளையோ கால்களையோ குழாய்நீர் நிரப்பிய தட்டுகளில் வைத்து, மெல்லிய நேர்மின்னோட்டம் ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் செலுத்தப்படும். தொடக்கத்தில் வாரம் மூன்று முறை அளிப்பது வழக்கம். சில வாரங்களில் வியர்வை குறையும். பயனை நிலைநிறுத்த, இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். குத்துணர்வும் தோல் வறட்சியும் ஏற்படலாம்.

இதயமுடுக்கி பொருத்தப்பட்டோரும், கருவுற்றோரும், வலிப்பு நோயுள்ளோரும் இச்சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும். உடலில் உலோகம் பொருத்தப்பட்டிருப்பின் முன்னரே தெரிவியுங்கள். சிகிச்சையின்போது நகைகளைக் கழற்றிவிடுங்கள். வீட்டு மின்சாரத்தைக் கொண்டு இதனை ஒருபோதும் முயலாதீர்கள். அது உயிரைப் பறிக்கும்.

விடைத்தாள் நனைவதும், கருவி கைநழுவுவதும், கைகுலுக்கத் தயங்குவதும் உங்கள் மனவலிமைக் குறைவால் நேர்பவை அல்ல. வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகள் மிகையாக இயங்குவதே காரணம். நாணி மறைக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள். உடல் முழுதும் திடீரென வியர்த்தல், எடை குறைதல், காய்ச்சல் ஆகியவை இருப்பின் தாமதிக்க வேண்டா.