தென்காசி தந்த ஞானப்பாவலர் பீர் முஹம்மது அப்பா (ரஹ்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே!

தென்காசி என்றதும் குற்றாலச் சாரலும் அருவியும் எவர் நெஞ்சிலும் எழும். அதே ஊரில் பிறந்து, மார்க்கத்தின் ஆழ்ந்த கருத்துகளை எளியோரும் பாடி மகிழும் தமிழில் தந்த ஞானப்பாவலர் ஒருவரை நம் இளைஞருள் பலர் அறியாதிருக்கின்றனர். அவர்தாம் பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்கள்.

அப்பா அவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள். இளமையில் தென்காசியை விட்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சென்று தனித்திருந்து இறைதியானத்தில் மூழ்கினார்கள். அவர்கள் தங்கியிருந்த மலையே பீர்மேடு எனப் பெயர் பெற்றது என்பர். பின்னர்ப் பத்மநாபபுரத்தை அடுத்த தக்கலையில் குடியேறி, நெசவுத் தொழிலால் ஹலாலான உணவு தேடி, அங்கேயே அடக்கமானார்கள்.

தறியில் கையும் திக்ரில் நாவுமாக வாழ்ந்த அப்பா அவர்கள், ஞானப்புகழ்ச்சி, ஞானப்பால், ஞானக்குறம், ஞானரத்தினக் குறவஞ்சி முதலிய நூல்களை அருளினார்கள். குறமும் குறவஞ்சியும் பாமர மக்கள் கேட்டுக் களித்த பாட்டு வகைகள். குறி சொல்லும் குறத்தியும், அவளைத் தேடிவரும் சிங்கனும் குறவஞ்சியில் வருவர். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியை இப்பகுதியார் நன்கறிவர். அதற்கு முன்பே அப்பா அவர்கள் இவ்வடிவைக் கையாண்டு, சிங்கனும் சிங்கியும் கேட்கும் வினாவிலும் சொல்லும் விடையிலும் ஆன்ம ஞானத்தை வைத்தார்கள். அந்நூல் சித்தர் பாடல் தொகுப்புகளிலும் இடம்பெற்றிருப்பது, சமயம் கடந்து அது போற்றப்பட்டதற்குச் சான்றாகும்.

நபி, நூர், கலிமா என்னும் சொற்களும், ஆதி, பொருள், குரு என்னும் சொற்களும் அவர்கள் பாடல்களில் பகையின்றி ஒன்று கலந்து நிற்கின்றன. அரபு மொழி அறியாத நெசவாளியும், ஏட்டைத் தொட்டறியாத தாயும் தம் துயரையும் பிழைபொறுக்கும் வேண்டுதலையும் தாய்மொழியிலேயே இறைவனிடம் முறையிட இப்பாடல்கள் வழி செய்தன. மனம் ஆறுதல் பெறுவதற்குச் சொல்லின் பொருள் நெஞ்சில் தைக்க வேண்டுமன்றோ?

ஐயங்களும் எழாமல் இல்லை. அப்பா அவர்கள் ஜும்ஆவுக்கு வருவதில்லை எனக் கேள்வியுற்று, காயல்பட்டினத்தின் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் விளக்கம் கேட்கத் தக்கலைக்கு வந்தார்கள் என்றும், நேரில் உரையாடியபின் பெருமதிப்புக் கொண்டார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஷரீஅத்தைக் காத்த ஆலிமும் மஃரிபத்தைப் பாடிய ஞானியும் எதிரிகளாகப் பிரியவில்லை என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம்.

தக்கலையில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்து முழுநிலா இரவில், இஷாவுக்குப் பின் தொடங்கி ஃபஜ்ரு வரை, மக்கள் திரளாக அமர்ந்து ஞானப்புகழ்ச்சியை ஒரே குரலாகப் பாடுகின்றனர். அச்சு நூலும் ஒலிநாடாவும் இல்லாத காலத்தில் அப்பாடல்களைக் காத்தவை மக்களின் நாவும் செவியுமே. பிற்காலத்தில் நாகூர் ஹனிபா (1925–2015) அவர்களின் குரல் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் வீடுதோறும் ஒலித்து, சமயம் பாராது பலருக்கும் ஆறுதல் தந்தது. மார்க்கத்தை எளிய தமிழில் பாடும் அவ்வழியை முன்பே செப்பனிட்டவர்களுள் அப்பா அவர்கள் முதன்மையானவர்கள்.

தர்காவில் நடைபெறும் வழக்கங்கள் குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். அதன் பொருட்டு, நம் ஊர் ஈன்ற ஞானச் செல்வத்தைப் படிக்காமலே கைவிடுவது முறையாகாது. பாடல்களைப் படித்துப் பொருளுணர்ந்து, கொள்ளத்தக்கதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவோம். ராகம் அறிந்த பெரியோரிடம் நம் பிள்ளைகளை அமர்த்திக் கற்பிப்போம். ஒரு தலைமுறை பாடாது விட்டால், அடுத்த தலைமுறைக்கு ஏடு மட்டுமே எஞ்சும், ஓசை எஞ்சாது.

வல்ல அல்லாஹ் அப்பா அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்கி, அவர்கள் தேடிய மெய்ஞ்ஞானத்தில் நமக்கும் பங்களிப்பானாக! ஆமீன்.