ஜாமிஆவைச் சுமந்த வரலாற்றாசிரியர் பேராசிரியர் முஹம்மது முஜீப்

இந்திய முஸ்லிம்களின் கல்வி வரலாற்றில் அலிகருக்கு அடுத்து வைத்து எண்ணப்படுவது, தில்லியிலுள்ள ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா. ஜாமிஆ என்றதும், பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ஜாகிர் உசேன் நம் நினைவுக்கு வருகிறார். அவருக்குப்பின் 25 ஆண்டுக் காலம் அந்நிறுவனத்தைத் தோளில் சுமந்தவர் வரலாற்றுப் பேராசிரியர் முஹம்மது முஜீப். அன்னாரின் வாழ்வு கல்விப் பணியில் நாட்டமுடையோர் அனைவரும் அறியத்தக்கதாகும்.

முஜீப் 1902ஆம் ஆண்டு லக்னோவின் செல்வமிக்க வழக்கறிஞர் குடும்பமொன்றில் பிறந்தார். அலிகர் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வரலாற்றறிஞர் முஹம்மது ஹபீப் அவருடைய உடன்பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் நவீன வரலாறு பயின்று பட்டம் பெற்ற முஜீப், பின்னர் ஜெர்மனி சென்று பெர்லினில் அச்சுத்தொழில் கற்றார். அங்குதான் ஆய்வு மாணவர்களாயிருந்த ஜாகிர் உசேன், ஆபித் உசேன் ஆகியோரின் நட்பு அவருக்கு வாய்த்தது. அந்நட்பே அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது.

ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் இயக்கமும் கொழுந்துவிட்டெரிந்த 1920ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், அலிகரில் தொடங்கப்பெற்றது ஜாமிஆ. ஆங்கில அரசின் உதவியை ஏற்பதில்லை என்பது அதன் கொள்கை. 1924இல் துருக்கியில் கிலாபத் ஒழிக்கப்பட்டதும் இங்கே இயக்கம் தளர்ந்தது. நிறுவனத்திற்கு வந்த பொருளுதவியும் வற்றியது. 1925இல் ஜாமிஆ தில்லியின் கரோல்பாக் பகுதிக்கு இடம் பெயர்ந்தது. அதை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்த அந்நாளில், பெர்லினிலிருந்த மூவரும் தம் வாழ்வை அதற்கே அளிப்பதெனத் துணிந்தனர். 1926இல் முஜீப் அங்கு வரலாற்று ஆசிரியரானார்.

1927இன் இறுதியில் ஜாமிஆவின் வேந்தரும் புரவலருமான ஹக்கீம் அஜ்மல் கான் மறைந்தார். நிறுவனம் மீண்டும் தடுமாறியது. அப்போது ஆசிரியர்கள் சிலர் ஒன்றுகூடி, மாதம் 150 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்தில் 20 ஆண்டுகள் பணியாற்றுவதாக உறுதி பூண்டனர். முஜீபும் அவர்களுள் ஒருவர். ஆக்ஸ்போர்டுப் பட்டம் பெற்ற செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு வேறு வாயில்கள் திறந்தேயிருந்தன. எனினும், அரசு ஏற்பில்லாத பட்டம் வழங்கும் ஓர் ஏழை நிறுவனத்தையே அவர் தேர்ந்தார். வகுப்பறைப் பணிக்கிடையே உருதுவில் நாடகங்கள் படைத்தார்; ரஷ்ய மொழி பயின்று, ரஷ்ய இலக்கியத்தை உருது வாசகர்களுக்கு அறிமுகம் செய்தார்.

1947இன் பிரிவினைக் கலவரம் தில்லியையும் தீண்டியது. கரோல்பாக்கிலிருந்த ஜாமிஆவின் நூல் விற்பனையகம் கொள்ளையிடப்பட்டுத் தீக்கிரையானது. 1948இல் ஜாகிர் உசேன் அலிகர் துணைவேந்தராகச் சென்றார். ஜாமிஆவின் பொறுப்பு முஜீபின்மேல் விழுந்தது. அச்சமும் பிரிவும் சூழ்ந்த காலம் அது. அந்நிலையில் மாணவரையும் ஆசிரியரையும் சிதறாது காப்பதே அவருடைய முதற்கடமையாயிற்று.

அடுத்து வந்ததும் எளிய சோதனையன்று. அந்நிய அரசின் உதவியை மறுத்துப் பிறந்த நிறுவனம், விடுதலை பெற்ற நாட்டில் தன் சொந்த அரசோடு எவ்வாறு உறவு கொள்வது? உதவியின்றி வளர்ச்சியில்லை, உதவியோடு விதிகளும் வரும். பட்டத்திற்கு ஏற்பின்றேல் மாணவரின் வாழ்வு கெடும். ஏற்பை நாடினாலோ பழைய தன்னுரிமை குறையும். முஜீப் மாணவரின் நலனையே பெரிதெனக் கொண்டார். 1962இல் ஜாமிஆ, பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்கீழ் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி எய்தியது.

நிருவாகச் சுமை அவருடைய எழுதுகோலை ஓய்த்துவிடவில்லை. 1967இல் ஆங்கிலத்தில் வெளிவந்த இந்திய முஸ்லிம்கள் என்னும் பெருநூல் அவருடைய புகழுக்கு நிலைக்களனாயிற்று. அரசர்களின் போர்களோடு நின்றுவிடாமல், மார்க்க அறிஞர், சூஃபியர், கவிஞர், கட்டடக் கலைஞர், பொதுமக்கள் என அனைவரின் வாழ்வையும் அந்நூல் ஆராய்கிறது. இந்திய முஸ்லிம்களை ஒரே அச்சில் வார்த்த கூட்டமாகக் காணலாகாது என்பது அதன் அடிப்படை. தம் சமுதாயத்தைப் புகழ்ந்து மகிழ்வதோடு அமையாமல், குறைகளையும் அவர் நடுநிலையோடு சுட்டினார். சமுதாயத்தின்பால் அன்புடையவரே அதன் வரலாற்றை உள்ளபடி எழுத வேண்டும் என்பதற்கு அந்நூல் சான்றாகும்.

1965இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது. ஆயின் 1972இன் இறுதியில் மூளையில் செய்யப்பட்ட அறுவை மருத்துவத்திற்குப்பின், பன்மொழி வல்லவரான அவருடைய நினைவாற்றல் பெரிதும் குன்றியது. கற்ற மொழியை மீண்டும் கற்க வேண்டிய நிலை! அவர் மனந்தளராது மாணவராகி மறுபடியும் பயின்றார். 1973இல் துணைவேந்தர் பொறுப்பினின்று விலகிய அவர், 1985ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தில்லியில் மறைந்தார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1988இல், நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக ஜாமிஆ மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. அதைக் காண அவர் இல்லை. ஆயினும், அந்நாள்வரை அது நிலைத்து நின்றதற்கு, குறைந்த ஊதியத்தில் நிறைந்த மனத்தோடு உழைத்த ஆசிரியர்களே காரணம். அவர்களின் முன்வரிசையில் முஜீபின் பெயர் என்றும் விளங்கும்.